கல்லுமலை முருகனுக்குக் கண் இல்லை

பாதி மலையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அதுவரை நாங்கள் ஏறிக்கொண்டிருந்தவை படிகள் என்றே எனக்கு உறைக்கவில்லை. பாசியும் சருகும் வேரும் அட்டையுமாக ஒரு சரிவு, அவ்வளவுதான். முன்னால் போன மாணிக்கம் கத்தியால் வேர்களை வெட்டித் தள்ளிய இடத்தில் கல்லின் விளிம்பு தெரிந்தது. நூல் பிடித்து வெட்டிய நேரான விளிம்பு. மழைத்தண்ணீர் இப்படி வெட்டாது, மனுஷன்தான் வெட்டுவான்.

"அலமாக்! செசிலி, ஓடியாடி!" என்று மேலேயிருந்து பவளம் மலாயும் தமிழும் கலந்து கத்தினாள்.

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தையல் பை, பத்தொன்பது வயதுப் பெண் நாலு பேர் முன்னால் ஓடக்கூடாத ஓட்டம் ஓடினேன்.

மேலே, பெரிய கரும்பாறையின் வயிற்றைக் குடைந்து ஒரு மண்டபம். ஒரு மாட்டு வண்டியை உள்ளே விட்டுத் திருப்பலாம், அத்தனை இடம். முகப்பில் இரண்டு சதுரத் தூண்கள். இரு பக்கச் சுவரிலும் வெறும் மாடங்கள். வாசலருகே தண்ணீர் தேங்குவதற்குக் கல்லிலேயே வெட்டிய தொட்டி. பின்சுவரில், கிட்டத்தட்ட என் உயரத்துக்கு, வேலைப் பிடித்துக்கொண்டு முருகன் நின்றிருந்தார். அவர் காலடியில் மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. நான் வேதக்காரப் பெண். கழுத்தில் சிலுவை, பையில் ஜெபமாலை. இருந்தும் உள்ளதைச் சொல்கிறேன், கூவிக் கத்த வேண்டும்போல் இருந்தது. சிகாமட் பக்கத்தில் பால்மரம், ரயில், வெள்ளம் இந்த மூன்றையும் விட்டால் வேறொன்றும் கிடையாது என்றல்லவா நினைத்திருந்தேன்! எங்கள் ஜோகூரில், எங்கள் காட்டுக்குள், கல்லைக் குடைந்த பழங்காலத்துக் கோவில்!

பன்றி காட்டிய வழி

இதைக் கண்டுபிடித்த பெருமை ஒரு காட்டுப்பன்றியைத்தான் சேரும்.

மாணிக்கம் எட்டாங்கட்டை, அதாவது எட்டாவது மைல், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன், என் சிநேகிதி பவளத்தின் புருஷன். மரவள்ளிக் கொல்லையைக் கிளறிப்போட்ட பன்றியைத் துரத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கல்லுமலை வரைக்கும் போயிருக்கிறான். பன்றி புதருக்குள் நுழைந்தது, இவனும் நுழைந்தான். உள்ளே தூணைப் பார்த்ததும் பன்றியை மறந்துவிட்டு, கத்தியைக்கூட அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டான்.

பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்; ஒரு வீட்டில் தும்மினால் பத்தாவது வீட்டில் கேட்கும். மறுநாள் கங்காணியும் பண்டாரமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கங்காணி ஆட்களுக்குத் தலைவர்; பண்டாரம் தோட்டத்து மாரியம்மனுக்குப் பூசை செய்கிறவர். வாசலில் நின்று எட்டிப் பார்த்து, அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்களாம்.

"ராஜா காலத்துக் கோயிலு. ஆயிரம் வருசம் இருக்கும்," என்று பண்டாரம் சொன்னார். தைப்பூசத்தன்று எல்லோரும் போய்ப் பொங்கலிட்டுப் பூசை போடுவது என்று முடிவாயிற்று.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். அப்போதுதான் ரப்பர் விலை சரிந்து, ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் எப்போது நம் முறை என்று பயந்துகொண்டே பால் வெட்டினார்கள். கூலிக்கு வந்த கூட்டம் என்று ஏச்சு வாங்கியே பழகிப்போனவர்கள். அவர்களிடம் போய், "நம்ம ஆளுங்க ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே வந்து இங்க கோயில் வெட்டிருக்காங்கடா," என்றால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் எல்லோரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். நானும்தான்.

வேலுவின் தலைமுடி

எல்லோரையும்விடத் துடித்துக்கொண்டிருந்தவள் பவளம்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவது வேலு. அவன் வயிற்றில் இருக்கும்போதே அவள் வேண்டிக்கொண்டாள், பிள்ளை தங்கினால் அவன் முதல் முடியை மலைமேல் இருக்கும் முருகனுக்குத்தான் கொடுப்பேன் என்று. அவள் நினைத்தது ஊரில் உள்ள மலையை. ஊருக்குப் போகிற கப்பலில் ஏறினால் திரும்பி வர விடமாட்டார்கள் என்று மாணிக்கம் பயந்தான். நாள் ஓடிற்று. வேலுவுக்கு இரண்டு வயது நெருங்கியது. தலைமுடி தோள் வரை தொங்கியது.

எங்கள் ஜோகூர் வெயிலில் அந்த முடி என்ன பாடு படுத்தும்! வேர்வையில் ஒட்டி, சிக்குப் பிடித்து, உள்ளே முழுக்கச் சிரங்கு. பிள்ளை ராத்திரி பகல் என்று பார்க்காமல் சொறிந்துகொண்டு அழுவான். "வெட்டித் தொலைச்சிரேன்டி," என்று நானே சொல்லிவிட்டேன்.

"போடி இவளே! சாமி முடிடி அது. வெட்டினா சாமி சும்மா இருக்குமா? ரெண்ட வாரிக் குடுத்தது பத்தாதா?" என்று சீறினாள்.

இப்போது ஆற்றைத் தாண்டினால் மலை, மலைமேல் முருகன். அவள் ஏன் துடிக்கமாட்டாள்? புது வேட்டி, மஞ்சள், சந்தனம் எல்லாம் வாங்கி, சவரக்காரருக்கும் சொல்லிவைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில்

எனக்குச் சிகாமட் டவுனில் வீடு. தையல் மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கூத்தைப் போன வாரம் எழுதியாயிற்று, திரும்பச் சொல்லி உங்களை அறுக்கப்போவதில்லை. அந்த மிஷினில் தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்ததில்தான் பவளத்தின் சிநேகிதம் கிடைத்தது.

அப்பா பெயர் அருளப்பன். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் அம்மி கொத்துவார். கல்லறைக்குச் சிலுவை வேண்டுமென்றால் அதையும் வெட்டிக் கொடுப்பார். பேச்சு ரொம்பக் கம்மி. அந்தப் பஞ்சத்தைப் போக்கத்தான் ஆண்டவர் எங்களுக்கு அம்மாவைக் கொடுத்தார்.

அம்மா லூர்து, கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். பரம்பரை வேதக்காரி. அப்பா அவளைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். எங்கள் வீட்டில் ஜெபமாலை தவறினால் சோறு கிடையாது. பொங்கல் சமயத்தில் பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்தால்கூட அதை மிதிக்காமல், பார்க்காமல், சுற்றிக்கொண்டு போவாள்.

கல்லுமலைச் செய்தியை நான்தான் சாப்பிடும்போது உளறினேன்.

"கல்லுல குடைஞ்ச கோயிலாம்பா! முருகன் செலையாம்! சோழ ராஜா படையோட வந்தப்ப வெட்டினதாம்!"

அப்பா கையில் எடுத்த சோற்றை வாயில் போடவில்லை. "எந்தப் பக்கம்?" என்றார்.

"ஆத்துக்கு அந்தாண்ட, கல்லுமலைல."

"அது காடு. அட்டை கடிக்கும். நீ போவாத," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

"அட்டை கடிச்சா மஞ்சப்பொடி போட்டுக்கலாம். வெக்கிரகத்தப் பாக்கப் போனா எந்தப் பொடியப் போடுறது?" என்று அம்மா ஆரம்பித்தாள். அன்று ஜெபமாலை முடிந்தும் அவள் பேச்சு முடியவில்லை.

தைப்பூசத்தன்று காலையில், பவளத்துக்கு ரவிக்கை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அது பொய்யில்லை. ரவிக்கையை மலைமேல் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஆயிரம் விளக்கு

அதற்குள் பாறையைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் சேர்ந்துவிட்டோம். புதரை வெட்ட வெட்டப் புதிது புதிதாக ஏதாவது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூச்சல்.

பண்டாரத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாறையில் ஒரு சாண் இடைவெளிவிட்டு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. "பாத்தீங்களா? ஆயிரம் விளக்கு! கார்த்திகைக்கு இதுல எண்ண ஊத்தி ஏத்துவாங்க!" என்றார். இன்னொரு பக்கம் பாறையில் ஆழப் பதித்த கனமான இரும்பு வளையம். "யானை கட்டுற வளையம்! ராஜா யானைமேலதான வருவாரு!" மேலே தட்டையாக ஒரு பெரிய மேடை. அது நாட்டியமாடுகிற இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "புள்ள சொல்றது சரிதான்," என்று பண்டாரம் தலையை ஆட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீழே மூன்று கல் வைத்துப் பொங்கல் பானை ஏறியது. பெண்கள் தொட்டித் தண்ணீரை மொண்டு மண்டபத்தைக் கழுவினார்கள். வேலுவுக்குச் சந்தனம் குழைத்தாயிற்று. சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

பண்டாரம் முருகனுக்குத் தண்ணீர் ஊற்றி, முகத்தில் அப்பியிருந்த பாசியைத் துணியால் துடைத்தார். துடைத்தவர் கை நின்றுவிட்டது. மறுபடி துடைத்தார். கற்பூரத்தைக் கொளுத்திக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கண்ணு இல்ல," என்றார்.

மூக்கு இருந்தது, உதடு இருந்தது, புருவம்கூட இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மொழுமொழு மேடு.

"கண்ணு தெறக்காம விட்டுட்டுப் போயிருக்காங்க. ராஜா கட்டின கோயில பாதியில விடுவாங்களா? என்னமோ தெய்வக்குத்தம் நடந்திருக்கு. தோசமுள்ள எடம். கண்ணு தெறக்காத வரைக்கும் இது வெறுங்கல்லு, பூசை போடக் கூடாது. புள்ளைக்கு மொட்ட போடவே கூடாது, ஆவாது."

பானையில் பொங்கல் பொங்கி வழிந்தது. ஒருவரும் குலவை போடவில்லை.

பவளம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கல்தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதுகூடவா எனக்கு வாய்க்கல?" என்றாள். பிறகு அழுதாள் பாருங்கள், அதைக் கேட்டு வேலுவும் வீரிட்டான். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குடையோடு அம்மா

அந்த நேரம் பார்த்துப் பாறைக்குப் பின்பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"செசிலி! அடி பாவி! எங்கடி இருக்க?"

கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, புடவையெல்லாம் சேறாக அம்மா வந்தாள். லயத்தில் தேடிப் பார்த்திருக்கிறாள், அங்கே வேலைக்கு வந்திருந்த அப்பாவையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா தோளில் உளிப்பை தொங்கியது.

பவளத்தின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன். ஆனாலும் ஒன்று உறுத்தியது. இவர்கள் எப்படிப் பின்பக்கமாக வந்தார்கள்? அந்தப் பக்கம் வழி உண்டு என்பது மாணிக்கத்துக்கே தெரியாதே.

அம்மா என் காதைப் பிடித்துவிட்டாள். "எந்திரி. வீட்டுக்கு வா, இருக்கு ஒனக்கு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. முருகனைப் பார்த்தார். பிறகு பவளத்தைப் பார்த்தார், வேலுவின் தலையைப் பார்த்தார். பண்டாரம் இன்னும் தோஷம், குத்தம் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"தோசமெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் அப்பா. "காய்ச்சல் வந்துருச்சு, அவ்ளோதான்."

"யாருக்குக் காய்ச்சல்?"

"எனக்கு."

ஒருவருக்கும் புரியவில்லை. அப்பாவே மேலே பேசினார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதேயில்லை.

"இது ராஜா கோயிலு இல்லைங்க. ரயிலு ரோட்டுக்குச் சல்லி ஒடைச்ச எடம். அந்தக் குழியெல்லாம் ஆப்பு எறக்குற குழி. வரிசையாக் குழி போட்டு இரும்பு ஆப்ப எறக்கித் தட்டினா பாறை பொளந்துக்கும். அந்த வளையம் கல்லு எறக்கச் சங்கிலி மாட்டினது. நாங்க ஆறு பேரு, ஞாயித்துக்கெழமைல சும்மா கெடக்க மனசில்லாம வருசக்கணக்கா இதக் குடைஞ்சோம். முருகன நான்தான் வெட்டினேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "அம்மி கொத்துறவரு முருகனக் கொத்துனாராம்லா!" எல்லோரும் சிரித்தார்கள்.

கங்காணி சிரிக்கவில்லை, அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ் அருளப்பா! வேதக்காரன் நீ. ஒனக்கு எங்க கோயில் மேல என்னய்யா பொறாமை? நல்ல நாளும் அதுவுமா வந்து கெடுக்குறியே!"

என்னைக் கேட்டால் நானும் கங்காணி கட்சிதான். எனக்கு என் அப்பாமேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. யானை, ராஜா, ஆயிரம் விளக்கு, நாட்டியமேடை எல்லாம் ஒரே பேச்சில் சல்லிக்கல்லாகப் போய்விட்டதே! வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

"கங்காணியாரே, கோவப்படாதீங்க," என்றார் அப்பா. "மயிலோட வலது காலுக்குப் பின்னாடி வெரல விட்டுப் பாருங்க. ஒரு உளி மொன ஒடைஞ்சு மாட்டிக்கிச்சு. எடுக்க முடியல, அப்படியே விட்டுட்டேன்."

கங்காணி முறைத்துக்கொண்டே குனிந்தார். மயிலின் காலுக்கும் சுவருக்கும் நடுவில் விரலை விட்டுத் துழாவினார். விரலை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினார். விரல் நுனியில் செக்கச்செவேல் என்று இரும்புத் துரு.

சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு ஆத்திரமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அந்த முகத்தை, அந்த மயில் கழுத்தை, என் வீட்டில் வாயே திறக்காமல் சோறு தின்கிற இந்த மனுஷனா வெட்டினார்? ராஜாவாவது யானையாவது! நான் அழுதுவிட்டேன்.

யாரால் நின்றது

"கண்ணு தெறக்க அப்பவே நாள் குறிச்சிருந்தோம்," என்றார் அப்பா. "அதுக்கு மொத நாள் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து என்னையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. வெட்டினவன்தான் கண்ணு தெறக்கணும், மத்தவங்க உளி வெக்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரிய விட்டு வர்றதுக்குள்ள ரோடு வேல முடிஞ்சு எல்லாரும் ஊருக்குக் கப்பலேறிட்டாங்க. அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல."

பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பிள்ளையோடு அப்பா காலருகே மண்டியிட்டாள்.

"அப்பா, இப்ப தெறந்து வுடுங்கப்பா. ஒங்க கையில உளி இருக்கு, சாமி இருக்கு. வேற யாரக் கேப்பேன் நான்?"

"என்னம்மா நீ... நான் மாதா கோயில்ல நன்மை வாங்குறவன். நான் எப்படிம்மா செய்வேன்?" என்று அப்பா பின்வாங்கினார். அவர் அம்மாவைப் பார்க்கவே பயந்தார். நானும் பயந்தேன். அம்மா மட்டும் ஒன்று சொல்லிவிட்டால் போதும், அதோடு எல்லாம் முடிந்தது.

அம்மா என் காதை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. குடையை மடக்கிவிட்டு வேலுவிடம் வந்து, அவன் முடியை ஒதுக்கி மண்டையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரி அல்லவா, சிரங்கைக் கண்டால் முகம் சுளிக்கமாட்டாள்.

"சீழ் வச்சிருக்கு," என்றாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "பத்து நாள் காய்ச்சல்ல கண்ணு கண்ணுன்னே பொலம்புனீங்களே, அது இதுதானா?"

அப்பா தலையசைத்தார்.

"கண்ணு எரியுது போலன்னு நான் ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தேன். இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லல பாருங்க. அப்ப என்னாலதான இது நின்னு போச்சு?"

"ஒன்னால இல்ல லூர்து. காய்ச்சலால."

"காய்ச்சல் பத்து நாள்ல விட்டுருச்சு. அப்புறம் மூணு மாசம் ஆஸ்பத்திரி வாசல்லயே கெடந்தீங்களே, அது யாரால?"

ஐம்பது பேரும் சிரித்தார்கள். கங்காணி வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா முகம் சிவந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "வேலைய அரகொறையா விட்டா எனக்குப் பிடிக்காது. முடிச்சிட்டு வாங்க. பங்குச் சாமியாருகிட்ட நான் பேசிக்கிறேன். நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன், எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு, காட்டைப் பார்த்து நின்று ஜெபமாலையை எடுத்தாள்.

முதலில் பார்த்தது

மாணிக்கமும் இன்னொருவனும் வேலுவுக்கு வாங்கிய புது வேட்டியை முருகன் முன்னால் திரையாகப் பிடித்தார்கள். முதலில் தங்கம் பட வேண்டும் என்று பண்டாரம் சொன்னார். பவளம் மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பா திரைக்குள் கையை விட்டு அதைக்கொண்டு இரண்டு கோடு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், பையிலிருந்து மிகச் சின்ன உளி ஒன்றை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார்.

"கண்ணு தெறந்ததும் மொதல்ல பசுவையும் கன்னுக்குட்டியையும் காட்டணும்," என்றார் பண்டாரம். "இந்த மலைல பசுவுக்கு எங்க போறது?"

திரைக்குள்ளிருந்து அப்பா சொன்னார், "பவளம் புள்ளையோட வந்து நிக்கட்டும். அதுக்கு மேல என்ன வேணும்?"

பண்டாரம் பவளத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார். "நிக்கட்டும்," என்றார்.

டக், டக் என்று சத்தம் கேட்டது. எத்தனை தட்டு என்று எண்ண நினைத்தேன், நடுவிலேயே கணக்கு தப்பிவிட்டது. அப்பா வாயால் ஊதித் தூசியைப் போக்கும் சத்தம். பிறகு அவர் ஓரமாக வெளியே வந்தார்.

வேட்டி இறங்கியது.

முருகன் பவளத்தைப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தார். அதுவரை கல்லாக இருந்த முகம், இரண்டு கோட்டில், இரண்டு புள்ளியில், ஒரு ஆளாகிவிட்டது. முடி மூஞ்சியில் விழுந்து கிடந்த வேலு அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தான்.

"அரோகரா!" என்று மலை அதிர்ந்தது. அதில் என் குரலும் இருந்தது. அம்மாவுக்குக் கேட்கும் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை, தொண்டை கட்டும்வரை கத்தினேன். கங்காணி அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சவரக்காரர் கத்தி போட்டார். சிக்கும் சீழுமாக இருந்த முடியெல்லாம் முருகன் காலடியில் விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் வேலு ஒரு சிரிப்பு சிரித்தான், அவன் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பவளம் யாரைப் பார்த்தாலும் கும்பிட்டாள். என்னையும் கும்பிட்டாள், கழுதை.

அப்பா கும்பிடவில்லை. உளியைத் துடைத்துப் பையில் வைத்தார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். பொங்கல் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் பின்பக்க வழியாகவே இறங்கினோம். அம்மா முன்னால், அப்பா நடுவில், நான் கடைசி. எனக்கு வாய் நமநமவென்று இருந்தது, பேசினால் அடி விழும் என்று அடக்கிக்கொண்டு நடந்தேன். லாலான் புல் தொடங்கும் இடத்துக்கு வந்தோம்.

அங்கே அம்மா நின்றாள். திரும்பவில்லை.

"ஏங்க, அன்னிக்கு மட்டும் காய்ச்சல் வராம இருந்திருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

அப்பா யோசிக்கக்கூட இல்லை. "கண்ணத் தெறந்துட்டு, மத்தவங்களோட நானும் ஊருக்குக் கப்பலேறிருப்பேன்."

அம்மா குடையை விரித்துக்கொண்டு பத்தடி நடந்தாள்.

"அப்ப அது இத்தன வருசம் கண்ண மூடிக்கிட்டு இருந்ததே நல்லதாப் போச்சு," என்றாள். சொன்ன கையோடு அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.